கம்மாபுரத்துல மனை ஏன் சீப்? நெய்வேலி மண்ணில் மூணு மலிவு வீடுகளின் கதை

1/
போன மாசம் பி.பி. பார்க்க வந்த ஒரு அண்ணன், மாத்திரைச் சீட்டை வாங்கின பிறகும் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே, வேற ஏதாவது பண்ணுதா?"ன்னு கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். கம்மாபுரம் பக்கம் ஒரு மனை வருது. மத்த இடத்துல சொல்ற விலையில பாதிதான். வாங்கிப் போட்டுடலாமா?"

2/
அவருக்கு 57 வயசு. சுரங்கத்துல ஒப்பந்தத் தொழிலாளி. 26 வருஷமா மந்தாரக்குப்பத்துல வாடகை வீடு. அதுக்குள்ள அஞ்சு வீடு மாறியாச்சு. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சது, இன்னொண்ணு படிக்குது. கையில மொத்தமா 9 லட்சம். வாழ்நாள் சேமிப்பே அவ்வளவுதான். அன்னைக்கு பி.பி. 170/100. தூக்கம் எப்படின்னு கேட்டா, "இந்த இடம் கைவிட்டுப் போயிடுமோன்னு நாலு நாளா தூங்கல சார்" என்கிறார்.

3/
"நான் டாக்டர்ணே, எனக்கு இடம் வாங்கி விக்கிறது பத்தி என்ன தெரியும்"னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா தூக்கத்தைக் கெடுக்கிற காரணத்தை விட்டுட்டு மாத்திரையை மட்டும் ஏத்திக்கொண்டே போறது வைத்தியம் இல்லை. "அடுத்த தடவை வாங்க, பேசலாம். அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டு, இந்த மண்ணோட கதையைத் தேடிப் படிச்சேன். அதைத்தான் இந்த த்ரெட்ல சொல்லப் போறேன். நீளம்தான், பொறுமையா படிங்க மக்களே.

4/
முதல்ல எனக்குத் தெரிஞ்ச விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். மருந்துக் கடையில ரெண்டு மாத்திரை மலிவா கிடைக்கும். ஒண்ணு ஜெனரிக். விளம்பரச் செலவு, பிராண்டு செலவு இல்லாததால மலிவு. மருந்து அதேதான். இன்னொண்ணு காலாவதி ஆன அட்டை. அதுவும் மலிவுதான்! ரெண்டையும் கையில வெச்சுப் பார்த்தா ஒரே மாதிரி இருக்கும். "எவ்வளவு கம்மி?"ன்னு கேட்டா வித்தியாசம் தெரியாது. "எது இல்லாததால கம்மி?"ன்னு கேட்டாத்தான் தெரியும்.

5/
வீட்டுக்கும் இதே கேள்விதான். மலிவா ஒரு வீடு கிடைக்குதுன்னா, அதுல ஏதோ ஒண்ணு கழிக்கப்பட்டிருக்கு. சில சமயம் கழிஞ்சது வெறும் ஆடம்பரம். சில சமயம் கழிஞ்சது உங்க உரிமை. நெய்வேலி, கம்மாபுரம் வட்டாரத்துல 70, 80 வருஷமா மூணு விதமான மலிவு வீடுகள் இருந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் எது கழிஞ்சதுன்னு பார்ப்போம், வாங்க.

6/
முதல் வீடு: நத்தத்துக் கூரை வீடு.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமம். ஊர் நடுவுல நத்தம். அதாவது குடியிருக்க ஒதுக்கின நிலம். மண் சுவர், கூரை, பின்னால மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், ஒரு பலாமரம், நாலு முந்திரி. இந்த வீட்டுக்கு விலைன்னு ஒண்ணே கிடையாது. மண் ஊருது, மரம் தோப்புது, உழைப்பு அக்கம்பக்கத்துது. கடன் வாங்காம, வட்டி கட்டாம மூணு தலைமுறை வாழ்ந்த வீடு.

7/
இதைவிட மலிவான வீடு உலகத்துல இருக்க முடியுமா? முடியாது. சரி, இதுல கழிஞ்சது எது?

காகிதம்.

நத்தத்துல இருந்தவங்களுக்கு அனுபவம்தான் ஆதாரம். "எங்க தாத்தா காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம்"கிறதே பத்திரம். நத்தம் பட்டா பரவலா கொடுக்க ஆரம்பிச்சதெல்லாம் ரொம்பப் பிற்காலத்துலதான். ஊர் ஊராவே இருக்கிற வரைக்கும் இது ஒரு குறையே இல்லை. யாரும் கேட்கப் போறதில்லையே! கேட்கிற நாள் வந்ததுதான் பிரச்சினை.

8/
அந்த நாள் எப்படி வந்தது? 1930களின் நடுவுல, ஜம்புலிங்க முதலியார்ங்கிற நிலக்கிழார் தன் நிலத்துல ஆழ்துளைக் கிணறு போட்டப்போ, தண்ணியோட கருப்பா ஒரு பொருள் வந்தது. அதுதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. 1940கள்ல இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளை போட்டுப் பார்த்தது. பெரிய படிவம் இருக்கிறது உறுதியாச்சு. அதுக்கப்புறம் இந்த மண்ணுக்கு ரெண்டு விலை. மேல இருக்கிற மண்ணுக்கு ஒண்ணு, கீழ இருக்கிற கரிக்கு ஒண்ணு. வீட்டுக்காரருக்கு முதல் விலைதான் தெரியும்.

9/
இப்போ வர்றதுதான் இந்தக் கதையில எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்ட பகுதி. நிறைய பேருக்குத் தெரியாது.

1953ல் மெட்ராஸ் சட்டமன்றம் லிக்னைட் நிலங்களைக் கையகப்படுத்தறதுக்குன்னே தனியா ஒரு சட்டம் போட்டது. வழக்கமான 1894ஆம் வருஷச் சட்டப்படி, நிலம் எடுக்கப் போறோம்னு அறிவிப்பு வர்ற நாள்ல இருக்கிற சந்தை விலைதான் கணக்கு. இந்தப் புதுச் சட்டம் அந்தத் தேதியை மாத்தினது. எந்த வருஷம் அறிவிப்பு வந்தாலும் சரி, 1947ல் இருந்த விலைதான் கிடைக்கும்!

10/
நிறுத்தி ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க நிலத்தை 1955லயோ 1958லயோ எடுக்கிறாங்க. விலை மட்டும் 1947 விலை. நடுவுல விலைவாசி ஏறியிருக்கு, பக்கத்து ஊர்ல நிலம் ஏறியிருக்கு. நீங்க வாங்கிற பணத்தை வெச்சு வேற ஊர்ல இடம் வாங்கணும்னா இன்னைய விலைதான் கொடுக்கணும். எடுக்கிறது பழைய விலைக்கு, வாங்கறது புது விலைக்கு. அந்த வித்தியாசத்தை யார் தலையில கட்டுறாங்க? வீட்டை இழந்தவர் தலையிலதான்.

11/
இன்னொரு விஷயமும் அந்தச் சட்டத்துல இருந்தது. 1947க்கு அப்புறம் விவசாயம் அல்லாத எந்த மேம்பாடு செஞ்சிருந்தாலும் அதுக்கு இழப்பீடு இல்லை. விவசாயம் அல்லாத மேம்பாடுன்னா என்ன? ஒரு குடும்பத்துக்கு அது வீடுதான்! கூரையைப் பிரிச்சுட்டு 1950ல் ஓட்டு வீடு கட்டின ஒருத்தரைக் கற்பனை பண்ணிப் பாருங்க. சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஓடும் சுவரும் இல்லவே இல்லை.

12/
அரசு பக்கத்து நியாயம் என்னன்னும் பார்க்கணும். கரி இருக்குன்னு தெரிஞ்சா ஊக வணிகம் வரும், விலை தாறுமாறா ஏறும், மக்கள் பணத்துல நடக்கிற திட்டத்துக்கு அவ்வளவு கொடுக்க முடியாது. இந்த வாதத்துல அர்த்தம் இல்லாம இல்லை. அன்னைக்குத் தமிழ்நாட்டுக்குக் கரி எங்கிருந்தோ வரணும். மின்சாரத்துக்கு வழி தேடிக்கிட்டிருந்த காலம்.

13/
ஆனா நிலத்துக்காரங்க சும்மா இருக்கல. வழக்குப் போட்டாங்க. உயர் நீதிமன்றம் சட்டம் செல்லாதுன்னு சொன்னது. அரசு மேல்முறையீடு போனது. 1964ல் உச்ச நீதிமன்றமும் அரசோட மேல்முறையீட்டைத் தள்ளுபடி செஞ்சது. மெட்ராஸ் மாநிலம் எதிர் நமசிவாய முதலியார் வழக்குன்னு சட்டம் படிக்கிற பிள்ளைங்க இன்னைக்கும் படிக்கிறாங்க. லிக்னைட் கண்டுபிடிச்ச காலத்து விலையை, பல வருஷம் கழிச்சு எடுக்கிற நிலத்துக்குக் கொடுக்கிறது தன்னிச்சையானதுன்னு தீர்ப்பு. அரசியல் சட்டம் சொன்ன "இழப்பீடு"ங்கிற சொல்லுக்கு அது பொருந்தாதுன்னாங்க.

14/
அதே 1964ல் இன்னொரு மெட்ராஸ் வழக்கு. வஜ்ரவேலு முதலியார் வழக்கு. இதுல நிலம் எடுத்தது எதுக்குத் தெரியுமா? வீட்டு வசதித் திட்டத்துக்கு! 1961ல் கொண்டுவந்த ஒரு திருத்தம், வீட்டு வசதிக்காக எடுக்கிற நிலத்துக்குக் கடைசி 5 வருஷ சராசரி விலை, அன்னைய விலை, இதுல எது குறைவோ அதைத்தான் தரும்னு சொன்னது. கட்டாயமா எடுக்கிறதுக்காகத் தர்ற கூடுதல் தொகையையும் 15 சதவீதத்துல இருந்து 5 சதவீதமாக் குறைச்சது. மத்த காரியத்துக்கு எடுத்தா ஒரு விலை, வீடு கட்ட எடுத்தா ஒரு விலையா, இது சமத்துவமில்லைன்னு உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செஞ்சது.

15/
ரெண்டு வழக்கையும் சேர்த்துப் பார்த்தா ஒரு விஷயம் தெளிவாத் தெரியும். மின்சாரம் மலிவா வரணும்னாலும், வீடு மலிவா கட்டணும்னாலும், அந்த மலிவு ஆகாயத்துல இருந்து வர்றதில்லை. யாரோ ஒருத்தர் நிலத்துல கழிச்சுத்தான் வருது. கழிக்க சுலபமான வழி, விலை போடற தேதியை யார் தீர்மானிக்கிறதுங்கிறதுல இருக்கு.

16/
சட்டம் அதுக்கப்புறம் முன்னும் பின்னுமா நகர்ந்தது. 1971 திருத்தத்துல "இழப்பீடு"ங்கிற சொல்லுக்குப் பதிலா "தொகை" வந்தது. 1978 திருத்தத்துல சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியல்ல இருந்தே எடுக்கப்பட்டது. 1984ல் கூடுதல் தொகை 30 சதவீதம் ஆச்சு. 2013 சட்டத்துல 100 சதவீதம். நிலமே இல்லாம, அந்த ஊர்லயே 3 வருஷமா கூலி வேலை செஞ்சு பிழைச்ச குடும்பமும் "பாதிக்கப்பட்ட குடும்பம்"னு அந்தச் சட்டம்தான் சேர்த்துக்கிட்டது. 1950கள்ல நத்தத்துல குடிசை போட்டிருந்த கூலிக்காரருக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

17/
இப்போ ரெண்டாவது வீட்டுக்குப் போவோம்: டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்.

1956 நவம்பர் 14ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கினது. 1957 மே 20ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். ஜெர்மனியில இருந்து ராட்சத சக்கர இயந்திரங்கள், அனல் மின் நிலையத்துக்கு சோவியத் உதவி. 1961 ஆகஸ்ட்ல முதல் லிக்னைட் கண்ணுக்குத் தெரிஞ்சது. 1962ல் மின்சாரம். கூடவே ஒரு ஊர் எழுந்தது. நேர் ரோடு, ரெண்டு பக்கமும் மரம், "வட்டம்"னு எண் போட்ட பகுதிகள்.

18/
அந்த ஊர்ல வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, கண்ணு கலங்கும். வீட்டைச் சுத்தி தோட்டம், வாழை, தென்னை, முருங்கை. நடந்து போற தூரத்துல ஸ்கூல். ஆஸ்பத்திரி இருக்கு. தண்ணி வரும், கரண்ட் வரும். வேலையில சேர்ந்த ஒரு தொழிலாளி குடும்பம், சென்னையில ஒரு ஆபீசர் குடும்பத்துக்குக் கிடைக்காத காத்தோட்டத்துல வாழ்ந்தது. டாக்டரா சொல்றேன், ஒரு தலைமுறையோட ஆரோக்கியத்துக்கு நல்ல வீட்டைவிடப் பெரிய மருந்து கிடையாது. நல்ல தண்ணியும் கழிப்பறையும் இருந்த வீட்டுக் குழந்தைக்கு வயித்துப்போக்கு குறைவு. அவ்வளவு எளிமையான கணக்கு.

19/
இவ்வளவும் சம்பளத்துல பிடிக்கிற சின்னத் தொகைக்கு. சரி, இதுல கழிஞ்சது எது?

சொந்தம்.

வேலை இருக்கிற வரைக்கும் வீடு. ரிட்டயர்மென்ட் ஆனா சாவியைக் கொடுக்கணும். 30 வருஷம் தண்ணி ஊத்தின தென்னை அடுத்தவருக்கு. இதை அநியாயம்னு சொல்ல மாட்டேன். ஒப்பந்தமே அதுதான், கையெழுத்துப் போடும்போதே தெரியும். ஆனா மனசு அப்படி வேலை செய்றதில்லை. வாடகை கையைக் கடிக்காதப்போ, வீட்டைப் பத்தின நினைப்பே வராது.

20/
அந்தக் குறைஞ்ச வாடகையில மிச்சமான பணத்தை வருஷா வருஷம் தனியா எடுத்து வெச்சவங்க, வடலூர்லயோ இந்திரா நகர்லயோ கடலூர்லயோ வீடு கட்டிட்டு நிம்மதியாப் போனாங்க. எடுத்து வைக்காதவங்க, 60 வயசுல முதல் தடவையா வாடகை வீடு தேடினாங்க. ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே சம்பளம், ரெண்டு முடிவு. மலிவு வீடு ஒரு வாய்ப்புதான். மிச்சத்தை எங்கே போட்டோம்ங்கிறதுல இருக்கு மீதி.

21/
இதோட கடுமையான வடிவம் இலங்கை மலையகத்துல இருக்கு. நம்ம ஆளுங்க தேயிலைத் தோட்டத்துக்குப் போய், லயம்னு சொல்ற வரிசை வீடுகள்ல தலைமுறை தலைமுறையா இருந்தாங்க. வாடகை இல்லை. ஆனா வீடு தோட்டத்துது. தோட்டத்துல வேலை இல்லைன்னா வீட்டுல இருக்க உரிமை இல்லை. அதனால பிடிக்காத வேலையை விடவும் முடியல. சொந்தமா 7 பேர்ச்சஸ் நிலம் கொடுங்கங்கிறது அங்கே பெரிய அரசியல் கோரிக்கையா வளர்ந்தது. நம்ம கணக்குல அது நாலரை சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. குவார்ட்டர்ஸும் லயமும் ஒண்ணுன்னு சொல்ல வரல. வசதியில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வேலையோட கட்டின வீடுங்கிற முடிச்சு மட்டும் ஒண்ணு.

22/
இன்னொண்ணையும் சொல்லிடறேன். நம்ம அண்ணனுக்கு அந்த முடிச்சுகூடக் கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு குவார்ட்டர்ஸ் இல்லை. அதே சுரங்கத்துல அதே தூசியில வேலை, வீடு மட்டும் வெளியில, சந்தை வாடகையில. அவர் வாழ்நாள்ல சம்பாதிச்சதுல பெரிய பங்கு அஞ்சு வீட்டுக்காரங்களுக்குப் போயிருக்கு.

23/
மூணாவது வீடு: மாற்றுக் குடியிருப்பு மனை.

சுரங்கம் ஒரு இடத்துல நிக்காது. கரி போற திசையில அதுவும் நகரும். முதல் சுரங்கம், அப்புறம் இரண்டாம் சுரங்கம், முதல் சுரங்கத்தின் விரிவாக்கம். ஊர்கள் ஒவ்வொண்ணா நகர்ந்தது. டவுன்ஷிப்புக்குள்ள வேலுடையான்பட்டு முருகன் கோயில் இருக்கு, பங்குனி உத்திரத்துக்கு அவ்வளவு கூட்டம் வரும். சாமி பேர்ல ஊர் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. காவடி எடுத்துட்டு வர்றவங்கள்ல எத்தனை பேர் அந்த ஊர் பேரைக் கவனிச்சிருப்பாங்க?

24/
நகர்த்தப்பட்டவங்களுக்கு மாற்று மனை கொடுத்தாங்க. ஆனா அப்படிக் குடியேறி வருஷக்கணக்கா வாழ்ந்தவங்க, மனைக்குப் பட்டா கேட்டுப் போராடறது இந்த மாவட்டத்துச் செய்தித்தாள்கள்ல திரும்பத் திரும்ப வர்ற செய்தி. பட்டா இல்லைன்னா என்ன ஆகும்? குடியிருக்கலாம். வங்கிக் கடன் வாங்க முடியாது. நல்ல விலைக்கு விக்க முடியாது. பிள்ளை படிப்புக்கு அடமானம் வைக்க முடியாது. வீடு இருக்கு, சொத்து இல்லை.

25/
சமீபத்திய நிலவரம் இதைவிட நல்லாவே மாறியிருக்கு, அதையும் சொல்லணும். 2022ல் அறிவிச்ச மறுவாழ்வுத் திட்டத்துல ஏக்கருக்கு 23 லட்சம் வரை, வீடு இழந்தவங்களுக்கு 2,178 சதுர அடி மனை, அதுல 1,000 சதுர அடி வீடு. 2,178 சதுர அடின்னா சரியா 5 சென்ட். காகிதத்துல பார்த்தா கூரை வீட்டுக்குப் பதிலா கான்கிரீட் வீடு. லாபம் மாதிரிதான் தெரியும்.

26/
இப்போ அந்த 5 சென்ட்டுக்குள்ள ஒரு விவசாயக் குடும்பத்தை நிக்க வெச்சுப் பாருங்க. மாடு எங்கே கட்டறது? வைக்கோல் போர் எங்கே போடறது? நெல்லு எங்கே காய வைக்கிறது? மாட்டை வித்தாச்சுன்னா பால் காசு போச்சு. பலாமரம் போச்சு, முந்திரி போச்சு. 23 லட்சம் பெரிய தொகைதான். சும்மா ஒரு கணக்குக்கு, வெளியில சென்ட் 1 லட்சம்னு வெச்சுக்கோங்க. 100 சென்ட் கொடுத்தவருக்கு 23 சென்ட் திரும்ப வரும். வீட்டுக்கு அது தாராளம். பிழைப்புக்கு?

27/
2023 ஜூலையில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்மாபுரத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவுல வளையமாதேவி. பரவனாற்றை மாத்தி விடறதுக்கான கால்வாய்க்காக, கதிர் நின்ன நெல் வயல்ல இயந்திரம் இறங்கின படத்தை நாடே பார்த்தது. போராட்டம் வெடிச்சது. நிறுவனம் சொன்ன பதில்: இந்த நிலத்தையெல்லாம் 2006ல் இருந்து 2013க்குள்ளயே எடுத்து, பணமும் கொடுத்தாச்சு. உயர் நீதிமன்றத்துக்கு விவகாரம் போய், நின்ன பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரணும்னு முடிவாச்சு.

28/
இதுல யார் பக்கம்னு சண்டை போட இந்த த்ரெட் போடல. எனக்குத் தோணினது வேற. பத்து வருஷத்துக்கும் மேல அந்த நிலம் காகிதத்துல ஒருத்தருது, கையில இன்னொருத்தருது. உழுதவருக்கு அது தன் வயல். ரெஜிஸ்டர்ல அது சுரங்கம். நத்தத்து வீட்டுல காகிதம் இல்லாம கை மட்டும் இருந்தது. குவார்ட்டர்ஸ்லயும் கை மட்டும்தான். இங்கேயும் அதே. மூணு கதையிலயும் கையில இருக்கிறதும் காகிதத்துல இருக்கிறதும் பிரிஞ்ச இடத்துலதான் மனுஷன் விழுறான்.

29/
நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படியான்னு கேட்டா, இல்லை. நெய்வேலிக்குச் சக்கர இயந்திரம் கொடுத்த ஜெர்மனியிலயே கார்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊர்கள் போயிருக்கு. 2018ல் இம்மராத் ஊர்ப் பெரிய தேவாலயத்தை இடிச்சாங்க. அங்கே ஒரு நல்ல வழக்கம், ஊரையே சேர்த்து நகர்த்தி பழைய பேரையே புது ஊருக்கு வைப்பாங்க. 2022ல் அந்தச் சுரங்கத்துப் பக்கத்துல 5 ஊர்களை இனி எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க. நல்ல சேதிதான். ஆனா அதுக்குள்ள பெரும்பாலான வீட்டுக்காரங்க வித்துட்டுக் கிளம்பிட்டாங்க. ஊர் தப்பிச்சது, வீடுகள் காலியா நின்னது.

30/
இந்தக் கடைசிச் சேதியில இருந்து கம்மாபுரத்துக்கு வந்துடலாம். ஒரு இடம் எடுக்கப்படுமா படாதாங்கிற சந்தேகமே விலையைத் தின்னுடும். சுரங்கம் வராமலேயே போகலாம். ஆனா வரும்னு பேச்சு இருக்கிற வரைக்கும் வங்கி யோசிக்கும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யோசிப்பாங்க, வீட்டுக்காரரே மாடி எடுக்க யோசிப்பார். அதனாலதான் அங்கங்கே மனை சீப். கழிஞ்சது நிச்சயம்.

31/
தண்ணியையும் கணக்குல சேருங்க. ஒரு காலத்துல இந்தப் பகுதியில துளை போட்டா மோட்டார் இல்லாமலேயே தண்ணி பொங்கும். கரிக்கு அடியில தண்ணி அவ்வளவு அழுத்தத்துல இருந்தது. அந்த அழுத்தத்தோட சுரங்கம் தோண்ட முடியாது, தரை வெடிச்சுத் தண்ணி ஏறிடும். அதனால ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். இன்னைக்கு மனை வாங்கறவர், போர் எத்தனை அடின்னு பக்கத்து வீட்டுல கேட்காம வாங்கக் கூடாது. தண்ணியைக் குடிக்கறதுக்கு முன்னால பரிசோதனைக்கும் கொடுக்கணும். மனையில மிச்சம் பிடிச்ச காசு போர்லயும் கேன் தண்ணியிலயும் போனா என்ன லாபம்?

32/
சரி டாக்டர், வாங்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்கன்னு கேக்குறீங்க. இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒண்ணு: பட்டா யார் பேர்ல? விக்கிறவர் பேர்ல இருக்கணும். செத்துப்போன தாத்தா பேர்ல இருந்தா, வாரிசு அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும்.

33/
ரெண்டு: அந்த சர்வே நம்பர் ஏதாவது நிலமெடுப்பு அறிவிப்புல இருக்கா? கவனமாப் படிங்க. வில்லங்கச் சான்று சுத்தமா இருந்தா போதும்னு நினைக்காதீங்க. அதுல பதிவான பத்திரங்கள்தான் வரும். அரசு எடுக்கப் போற அறிவிப்பு அதுல தெரியாமப் போகலாம். வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், நிலமெடுப்பு தாசில்தார் ஆபீஸ் மூணுலயும் எழுதிக் கேளுங்க. வாய் வார்த்தை வேண்டாம்.

34/
மூணு: மனைப் பிரிவுக்கு அனுமதி இருக்கா? 2016 அக்டோபர் 20க்கு முன்னால பதிவான மனையா, வரன்முறை பண்ணியாச்சா? அனுமதி இல்லாத மனையில கடனும் கிடைக்காது, கட்டட அனுமதியும் கிடைக்காது.

நாலு: தண்ணி, ரோடு, பஸ். மாசம் எவ்வளவு கூடுதல் செலவுன்னு எழுதி, 12ஆல பெருக்கி, 10 வருஷத்துக்குப் பாருங்க.

35/
அஞ்சு: பத்திரத்துல எவ்வளவு போடச் சொல்றாங்க? இது ரொம்ப முக்கியம். 10 லட்சத்துக்கு வாங்கிட்டு 4 லட்சம்னு போட்டா, முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம்னு வெச்சா 54,000 ரூபாய் மிச்சம். சட்டப்படியும் தப்பு, கணக்குப்படியும் தப்பு. 2013 சட்டம் இழப்பீட்டுக்கு எதைப் பார்க்குது? வழிகாட்டி மதிப்பையும், கடைசி 3 வருஷம் அக்கம்பக்கத்துல பதிவான பத்திரங்களையும்தான். நீங்க குறைச்சுப் போட்ட பத்திரம், நாளைக்கு உங்களுக்கு எதிரா மட்டும் இல்லை, பக்கத்து வயல்காரருக்கு எதிராவும் சாட்சி சொல்லும்.

36/
1953ல் ஒரு சட்டம் பழைய விலையை மக்கள் தலையில கட்டினப்போ, அவங்க 11 வருஷம் கோர்ட்டு ஏறி அதை உடைச்சாங்க. இன்னைக்கு நாமளே 54,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, நம்ம கையால பழைய விலையை எழுதிக் கொடுக்கிறோம். அந்த வழக்குப் போட்டவங்க பார்த்தா சிரிக்கவா அழவா?

37/
அந்த அண்ணன் போன வாரம் வந்தார், அக்காவையும் கூட்டிட்டு. கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ஜெராக்ஸ் கட்டு. வில்லங்கச் சான்று சுத்தமா இருந்தது. பட்டா, விக்கிறவரோட தாத்தா பேர்ல. வாரிசு ஏழு பேர், விக்க வந்திருக்கிறது ஒருத்தர். சர்வே நம்பரை எழுதிக் கொடுத்து தாலுகா ஆபீஸ்ல கேட்டிருக்காங்க, பதில் இன்னும் வரல.

38/
"அப்போ விட்டுடலாமா சார்?"ன்னார். "இந்த மனையை விடுங்கண்ணே, வீட்டை விடாதீங்க. 5 சென்ட் வேண்டாம், காகிதம் சுத்தமா ரெண்டு சென்ட் பாருங்க. சின்ன வீடு ஜெனரிக் மாத்திரை மாதிரி, மலிவா இருந்தாலும் வேலை செய்யும். இது காலாவதி அட்டையா இல்லையான்னு பதில் வர்ற வரைக்கும் தெரியாது"ன்னு சொன்னேன். அவர் முகம் வாடிப்போச்சு. ரெண்டு சென்ட்ல பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா எங்கே படுக்கிறதுங்கிற கவலை அவருக்கு. நியாயமான கவலை, என்கிட்ட பதில் இல்லை.

39/
அக்காதான் பேசினாங்க. "எனக்குப் பெரிய வீடெல்லாம் வேண்டாம் சார். ரேஷன் கார்டுல இதுவரைக்கும் அஞ்சு அட்ரஸ் மாத்தியாச்சு. சாகறதுக்குள்ள மாத்த வேண்டாத ஒரு அட்ரஸ் வேணும், அவ்வளவுதான்."

அன்னைக்கு அவர் பி.பி. 146/90. மாத்திரையை மாத்தல. அட்வான்ஸும் கொடுக்கல.

40/
உங்க வீட்டுல யாராவது இப்படி ஒரு மலிவு மனையைப் பார்த்துட்டு தூக்கம் வராம இருந்தா, இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. நெய்வேலிப் பக்கம் ஊரை இழந்து, குடி மாறி வந்த குடும்பத்துப் பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா, அந்தப் பழைய ஊர் பேரையும், வீடு எப்படி இருந்ததுன்னும் கேட்டு எழுதி வைங்க. அதுக்குப் பட்டா தேவையில்லை.